செய்தி வழிச் சேவைத் தொடர்பு: சிங்கப்பூர் – இந்தியப் பணப்பரிமாற்றத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிராங்கூன் சாலையிலும் தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கூடும் தமிழ்த் தொழிலாளர்களின் முதன்மையான அலுவல்களுள் ஒன்று ஊருக்குப் பணம் அனுப்புதலாகும். பணமாற்றுக் கடைகளின் முன் வரிசையில் நின்று பணம் அனுப்பும் வழக்கம் இன்றும் உள்ளது. அதனோடு கைப்பேசி வழி அனுப்பும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. 2023 பிப்ரவரி 21ஆம் நாள் சிங்கப்பூரின் பேநவ் அமைப்பும் இந்தியாவின் யுபிஐ அமைப்பும் இணைக்கப்பட்டன. இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் காணொலி வழிக் கண்டிருக்க, சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் அன்றைய நிர்வாக இயக்குநர் ரவி மேனனும் இந்திய ரிசர்வ் வங்கியின் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாசும் முதற்பரிமாற்றத்தைச் செய்தனர்.

இவ்வாறு பணம் அனுப்பும் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். "காத்திருக்கவும்" என்ற சொல்லோடு திரை நின்றுவிடுகிறது. பணம் சென்றதா, இல்லையா? மீண்டும் அழுத்தலாமா? அழுத்தினால் இருமுறை சென்றுவிடுமோ? அழுத்தாவிடில் சேராமலே போய்விடுமோ? ஒரு மாத ஊதியத்தின் பெரும்பகுதியை அனுப்புபவருக்கு இவ்வினாக்கள் சிறியன அல்ல. இவற்றிற்கு விடையளிக்கும் பொறுப்பு, வழங்கிக் கணினிகளில் இயங்கும் செயலிகள் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைச் சார்ந்துள்ளது. அப்பேச்சு முறைகளுள் ஒன்றாகிய செய்தி வழித் தொடர்பு யாது, அதனை ஒரு வழங்கிச் செயலியில் சேர்ப்பது எங்ஙனம், அதன் பயனும் எல்லையும் யாவை என்பனவற்றைக் கணினித் துறை சாராத வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அழைப்பும் செய்தியும்

பணம் அனுப்பும் செயலி ஒன்று வெளித்தோற்றத்தில் ஒரே பொருளாகத் தோன்றினும், அதன் உள்ளே பல சேவைகள் இயங்குகின்றன. அனுப்புநரின் கணக்கில் பற்று எழுதுவது ஒன்று. நாணய மாற்று வீதத்தைக் கணிப்பது ஒன்று. தடைசெய்யப்பட்டோர் பட்டியலோடு பெயரை ஒப்பிடுவது ஒன்று. மறுநாட்டு அமைப்புக்குக் கட்டளை அனுப்புவது ஒன்று. அனுப்புநருக்குக் குறுஞ்செய்தி விடுப்பது ஒன்று என இவற்றை வகுக்கலாம்.

இச்சேவைகள் தொடர்புகொள்ள இரு வழிகள் உள்ளன. முதலாவது தொலைபேசி அழைப்பினை ஒத்தது. ஒரு சேவை மற்றொன்றை அழைத்து, விடை வரும்வரை வேறு வேலை செய்யாது காத்திருக்கும். இம்முறை எளிது. ஆயின் அழைக்கப்பட்ட சேவை அந்நேரத்தில் விழித்திருத்தல் வேண்டும். மேற்கூறிய ஐந்து சேவைகளும் ஒன்றையடுத்து ஒன்று அழைக்கப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 முறை சரியாக இயங்கினும், ஒன்றன் பழுது மற்றொன்றைச் சாராது எனக் கொண்டால், ஐந்தும் ஒருங்கே இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடே ஆகும். குறுஞ்செய்திச் சேவை நின்றுபோனதால் பணப்பரிமாற்றமே நின்றுபோகும் நிலையும் இதனால் நேரும்.

இரண்டாவது வழி கடிதத்தை ஒத்தது. அனுப்பும் சேவை தான் கூற வேண்டியதை ஒரு செய்தியாக எழுதி, இடையிலுள்ள வரிசை ஒன்றில் இட்டுவிட்டுத் தன் அடுத்த வேலையைத் தொடங்கும். பெறும் சேவை தனக்கு இயலும்போது அதனை எடுத்து நிறைவேற்றும். இடையில் நின்று செய்திகளைக் காக்கும் மென்பொருளைத் தரகு மென்பொருள் எனலாம். கணினித் துறையினர் புரோக்கர் என்பர். பெறுநர் சற்று நேரம் இயங்காதிருப்பினும் செய்தி வரிசையில் காத்திருக்கும். மாதத் தொடக்கத்தில் கட்டளைகள் திரளாக வரும்போதும் வரிசை நீளுமேயன்றிச் சேவை முறியாது.

தரகு மென்பொருளால் மற்றொரு நன்மையும் உண்டு. பத்துச் சேவைகள் ஒன்றோடொன்று நேரே பேச வேண்டின் 45 இணைப்புகள் தேவைப்படலாம். ஒவ்வொன்றும் தரகு மென்பொருளோடு மட்டும் பேசுமாயின் 10 இணைப்புகள் போதும்.

இம்முறை நிதித்துறையோடு நெருங்கிய உறவுடையது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களுக்காகச் செய்தி வழித் தகவல் விநியோக மென்பொருளை உருவாக்கினார். ஐபிஎம் நிறுவனத்தின் எம்க்யூசீரிஸ் 1993இல் வெளிவந்தது. ஜே.பி.மார்கன் சேஸ் வங்கியில் 2003இல் ஜான் ஓஹாரா தொடங்கிய முயற்சியே ஏஎம்க்யூபி என்னும் பொது நெறிமுறையாக வளர்ந்தது. அந்நெறிமுறையைப் பின்பற்றும் ராபிட்எம்க்யூ 2007இல் தோன்றியது. லிங்க்டுஇன் நிறுவனத்தில் உருவான காஃப்கா 2011இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரே இதற்கு இடப்பட்டது. ராபிட்எம்க்யூவின் வழக்கமான வரிசையில் செய்தி நிறைவேறியதும் நீக்கப்படும். காஃப்காவிலோ செய்திகள் பேரேட்டில் எழுதப்படுவன போல வரிசையாகப் பதிந்து, வகுத்த காலம்வரை நிலைத்திருக்கும்.

3. விடை வாராமை உணர்த்துவது யாது?

செய்தி வழித் தொடர்பின் அடிப்படைச் சிக்கலை ஒரு வினாவில் அடக்கலாம். அனுப்பிய செய்திக்கு விடை வரவில்லையெனில் நாம் அறிவது யாது? செய்தி வழியில் தொலைந்திருக்கலாம். செய்தி சேர்ந்தும் செயல் நடவாதிருக்கலாம். செயல் நடந்து முடிந்தும் விடை மட்டும் தொலைந்திருக்கலாம். இம்மூன்றும் அனுப்புநருக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இச்சிக்கலை அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவர் 1975இல் எடுத்துரைத்தனர். ஜிம் கிரே 1978இல் இதற்கு இரு படைத்தலைவர் புதிர் என்னும் பெயரைத் தந்தார். இரு குன்றுகளில் நட்புப் படைகள் இரண்டு நிற்கின்றன. இடையிலுள்ள பள்ளத்தாக்கில் பகைவர் உள்ளனர். இரு படைகளும் ஒரே வேளையில் தாக்கினாலன்றி வெற்றி இல்லை. ஒரு தலைவன் வேளையைக் குறித்துத் தூதனை அனுப்புகிறான். தூதன் பிடிபட்டிருக்கலாம் ஆதலின், மறுமொழி வரும்வரை அவன் துணியான். மறுமொழி அனுப்பியவனோ அம்மறுமொழி சேர்ந்ததா என அறியாது துணியான். தூதர்களை எத்துணை முறை அனுப்பினும் இறுதித் தூதன் சேர்ந்தானா என்னும் ஐயம் எஞ்சியே நிற்கும். நம்பகமற்ற வழியில் முழு உறுதி பெறுதல் இயலாது என்பது இதனால் பெறப்படும்.

முழு உறுதி இயலாதெனின் செய்யத்தக்கது யாது? ஐயம் தோன்றுந்தோறும் மீண்டும் அனுப்புக. ஆயின் எத்துணை முறை சேரினும் ஒருமுறையே நிறைவேறுமாறு செய்க என்பதே துறையறிஞர் கண்ட வழியாகும்.

4. வணிக மரபில் இதன் முன்மாதிரி

இவ்வழி கணினிக்கு முற்பட்டது. கப்பல் வழி அஞ்சல் சென்ற காலத்தில், கடல் கடந்து செல்லும் மாற்றுச்சீட்டை வணிகர் இரண்டு அல்லது மூன்று படிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். முதற்படியில் "இரண்டாம், மூன்றாம் படிகளுக்குப் பணம் செலுத்தப்படாதிருப்பின் இதற்குச் செலுத்துக" என்னும் கருத்துப்பட எழுதுவர். ஏனைய படிகளிலும் அவ்வாறே. ஒரு கப்பல் மூழ்கினும் பணம் சேரும். எல்லாக் கப்பல்களும் சேரினும் பணம் ஒருமுறையே வழங்கப்படும். 1881ஆம் ஆண்டின் இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 132ஆம் பிரிவு இதனை வரையறுக்கின்றது. படிகள் பலவாயினும் அவையனைத்தும் சேர்ந்து ஒரே சீட்டு. ஒரு படி தீர்ந்தால் முழுவதும் தீர்ந்தது என்பது அதன் சாரம்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் முறையும் இங்கு எண்ணத்தக்கது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் அமர்ந்து தொழில் செய்த அவர்கள், பினாங்கு, இரங்கூன், கொழும்பு, செட்டிநாடு ஆகிய இடங்களோடு உண்டியல் வழிப் பணத்தொடர்பு கொண்டிருந்தனர். பணம் பயணம் செய்யவில்லை. பணத்தைப் பற்றிய செய்தியே பயணம் செய்தது. இரு முனைகளிலும் உள்ள பேரேடுகள் பின்னர் ஒத்துப்பார்க்கப்பட்டு நேர்செய்யப்பட்டன. மேற்கூறிய 1881ஆம் ஆண்டுச் சட்டம், கீழைநாட்டு மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் பற்றிய வட்டார வழக்கைத் தான் பாதிக்காது எனத் தன் முதற்பிரிவிலேயே கூறுவதும் நோக்கத்தக்கது. தாய்மொழியில் எழுதப்பட்ட செய்திக்கு வணிகர் வகுத்த நெறியைச் சட்டமும் ஏற்று நின்றது என்க.

அஞ்சலகப் பணவிடையையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். இந்தியப் பணவிடைப் படிவத்தின் ஒரு பகுதி, பணம் பெற்றவரின் கையொப்பத்தோடு அனுப்பியவருக்குத் திரும்பி வந்தது. அஞ்சலகம் பணத்தை ஏற்றுக்கொண்டு தந்த பற்றுச்சீட்டு வேறு; பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகை வேறு. அனுப்பியவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளவில்லை.

5. வழங்கிச் செயலியில் சேர்க்கும் முறை

அழைப்பு முறையில் இயங்கிவரும் ஒரு செயலியில் செய்தி வழித் தொடர்பைச் சேர்க்க முற்படுவோர் பின்வரும் நெறிகளைக் கடைப்பிடிப்பர்.

முதலாவது, எவ்வேலையைச் செய்தியாக்கலாம் எனத் தேர்தல். விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலையே முதலில் ஏற்றது. குறுஞ்செய்தி விடுத்தல், பற்றுச்சீட்டு அனுப்புதல், மாதக் கணக்கறிக்கை ஆக்குதல் ஆகியன இத்தகையன. கணக்கில் போதிய பணம் உள்ளதா என வினவுதல் உடனடி விடையை வேண்டுவதாகலின், அதனை அழைப்பாகவே விட்டுவைத்தல் நன்று.

இரண்டாவது, அனுப்புமுன் எழுதிவைத்தல். ஒரு சேவை தன் தரவுத்தளத்தில் பற்று எழுதியபின் தரகு மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். இரண்டிற்கும் இடையில் மின்சாரம் நின்றால் பற்று இருக்கும், செய்தி இராது. வரிசையை மாற்றினால் செய்தி சென்றிருக்கும், பற்று இராது. ஆகவே, பற்றையும், அனுப்ப வேண்டிய செய்தியையும் ஒரே தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையாக எழுதுவர். எழுதினால் இரண்டும் பதியும், இல்லையேல் இரண்டும் பதியா. பின்னர் வேறொரு சிறு நிரல் அவ்வட்டவணையைப் பார்த்துச் செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பும். மேசைமீதுள்ள அனுப்பற்பெட்டியில் கடிதத்தை இட்டுவைக்கும் அலுவலக வழக்கத்தை இது ஒத்ததாகலின் அவ்வாறே பெயர் பெற்றது.

மூன்றாவது, முடித்தபின் ஒப்புதல். பெறும் சேவை செய்தியைக் கையில் எடுத்தவுடன் ஒப்புகை தருமாயின், செயல் முடியுமுன் அது பழுதுறின் செய்தி அழிந்துவிடும். செயலை முடித்துப் பதிந்த பின்னரே ஒப்புகை தருதல் வேண்டும். ஒப்புகை வராவிடின் தரகு மென்பொருள் அச்செய்தியை மீண்டும் வழங்கும்.

நான்காவது, ஒருமுறையே நிறைவேற்றல். மூன்றாம் நெறியின் விளைவாக ஒரே செய்தி இருமுறை வருதல் இயல்பாகின்றது. எனவே ஒவ்வொரு செய்திக்கும், அது பிறக்கும் இடத்திலேயே, தனித்த அடையாள எண் இடப்படும். பெறும் சேவை தான் நிறைவேற்றிய எண்களைப் பதிந்து வைத்து, அதே எண் மீண்டும் வரின் செயலைத் திரும்பச் செய்யாது முன்னைய விடையையே தரும். "500 வெள்ளி சேர்" என்னும் செய்தி இருமுறை வரின் 1,000 வெள்ளி ஆகிவிடும். "இவ்வெண்ணுடைய 500 வெள்ளியைச் சேர்" என்னும் செய்தி எத்துணை முறை வரினும் 500 வெள்ளியே ஆகும். மாற்றுச்சீட்டின் முதற்படி, இரண்டாம் படி என்னும் குறிப்பு ஆற்றிய பணியை இங்கு எண் ஆற்றுகின்றது.

ஐந்தாவது, சேராச் செய்திகளுக்கு இடம் வகுத்தல். முகவரி பிழையான கடிதங்களை அஞ்சல்துறை தனி அலுவலகம் ஒன்றிற்கு அனுப்பிவந்தது. அதுபோலப் பலமுறை முயன்றும் நிறைவேறாத செய்தியை வேறொரு வரிசைக்கு மாற்றுவர். அதனை மனிதர் ஒருவர் நாள்தோறும் பார்த்தல் இன்றியமையாதது. பார்க்கப்படாத அவ்வரிசையில் கிடப்பது ஒருவருடைய பணமாக இருக்கலாம்.

ஆறாவது, அழியாது எதிர்ப்பதிவு இடுதல். பற்று எழுதிய பின் மறுநாட்டு வங்கி மறுத்துவிடின், எழுதிய பற்றை அழித்தலாகாது. ஈடுசெய்யும் வரவு ஒன்று புதிய செய்தியின் வழி எழுதப்படும். கணக்குப்பிள்ளைகள் நெடுங்காலமாகப் போற்றிய நெறியும் இதுவேயாகும்.

6. யுபிஐ – பேநவ் இணைப்பில் இந்நெறிகள்

சிங்கப்பூரில் வங்கிகளுக்கிடையே உடனடிப் பரிமாற்றம் செய்யும் ஃபாஸ்ட் அமைப்பு 2014 மார்ச் 17இல் தொடங்கியது. அதன்மீது, கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்பும் பேநவ் 2017 ஜூலை 10இல் வந்தது. இந்தியாவில் யுபிஐ 2016 ஏப்ரல் 11இல் அறிமுகமாயிற்று.

யுபிஐ அமைப்பின் தொழில்நுட்ப வரையறை நம் பொருளுக்கு நேரான சான்றாகும். அதன்படி, ஒரு கட்டளையைப் பெற்ற அமைப்பு முதலில் "கிடைத்தது" என்னும் ஒப்புகையை மட்டும் தரும். கட்டளையின் முடிவு பின்னர்த் தனிச்செய்தியாக, அனுப்பியவர் திறந்து வைத்துள்ள வேறொரு வாயிலுக்கு வந்து சேரும். கட்டளையையும் முடிவையும் பொருத்துவது பரிமாற்றத்தின் தனித்த அடையாள எண்ணே. எவரும் எவருக்காகவும் வாளா காத்திருக்க வேண்டாமையின், பெருந்தொகையான கட்டளைகளை அமைப்பு தாங்குகின்றது.

2023இல் இணைப்புத் தொடங்கியபோது சிங்கப்பூர்த் தரப்பில் டிபிஎஸ் வங்கியும், வங்கியல்லாத லிக்விட் குரூப் நிறுவனமும் பங்கேற்றன. இந்தியத் தரப்பில் பணம் அனுப்பவும் பெறவும் ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ வங்கி ஆகியன பங்கேற்றன. இவற்றுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரால் தொடங்கப்பட்டது. உண்டியல் மரபில் வந்தோர் நிறுவிய வங்கி புதிய செய்தித் தொடர்பிலும் இடம்பெற்றமை கருதத்தக்கது. அன்று இந்தியாவிலிருந்து அனுப்புவோர்க்கு வகுத்த நாள் வரம்பு 60,000 ரூபாய், அதாவது ஏறத்தாழ 1,000 சிங்கப்பூர் வெள்ளி.

இரு நாடுகளை நேரே இணைக்கும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூர் 2021 ஏப்ரலில் தாய்லாந்தோடும் 2023இல் இந்தியாவோடும் தனித்தனியே இணைப்பு அமைத்தது. ஐந்து நாடுகள் இவ்வாறு இணைய 10 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரு மையம் இருப்பின் 5 போதும். பன்னாட்டுத் தீர்வு வங்கியின் சிங்கப்பூர் மையம் வகுத்த நெக்சஸ் திட்டம் இக்கருத்தின் மீது எழுந்ததாகும். மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் 2024இல் அதில் இணைந்தது. ஒரு செயலியுள் தரகு மென்பொருள் ஆற்றும் பணியை நாடுகளுக்கிடையே இம்மையம் ஆற்றும்.

7. எல்லைகள்

செய்தி வழித் தொடர்பு எல்லாக் குறைகளுக்கும் மருந்தன்று. 2023 அக்டோபர் 14இல் சிங்கப்பூரில் தரவு மையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்புப் பழுதுற்றமையால் டிபிஎஸ், சிட்டி வங்கி ஆகியவற்றின் சேவைகள் தடைபட்டன. ஏறத்தாழ 25 இலட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கடை முன் நின்று கட்டணம் செலுத்துபவரிடம் "உமது கட்டளை வரிசையில் உள்ளது" எனக் கூறிப் பயனில்லை. காத்திருக்கக்கூடிய செயலுக்கே வரிசை உதவும். தரகு மென்பொருளே பழுதுறின் அனைத்தும் நின்றுவிடுமாதலால், அதற்கும் மாற்றுப்படிகள் தேவை.

மற்றுமொன்று: இம்முறையில் இரு பேரேடுகள் சிறிது நேரம் ஒத்திரா. சிங்கப்பூரில் பற்று எழுதப்பட்டு இந்தியாவில் வரவு எழுதப்படாத இடைக்காலம் ஒன்று தவிர்க்கவியலாதது. அவ்விடைக்காலம் நீளாதவாறு காப்பது தொழில்நுட்பத்தோடு சட்டத்தின் கடமையுமாகும். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் வெளியிட்ட சுற்றறிக்கை, உள்நாட்டு யுபிஐ பரிமாற்றத்தில் பற்று எழுதியும் வரவு சேராவிடின் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்றும், தவறின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் வகுத்தது.

8. தமிழ்ச் சொற்களின் பொறுப்பு

தமிழாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இங்குக் கருத வேண்டிய ஒன்றுண்டு. இத்தொடர்பு முறை முழுவதும் மூன்று நிலைகளை வேறுபடுத்துவதில் தங்கியுள்ளது: கட்டளை கிடைத்தது, கட்டளை ஏற்கப்பட்டது, கட்டளை நிறைவேறியது. இவற்றோடு நிறைவேறாமை, இன்னும் அறியப்படாமை என இரு நிலைகளும் உண்டு. "வெற்றி", "தோல்வி" என்னும் இரு சொற்களைக் கொண்டே இவ்வைந்தையும் திரையில் எழுதின், பொறியாளர் கவனமாகக் காத்த வேறுபாடு பயனரை அடையுமுன் அழிந்துவிடும். "தோல்வி" எனக் கண்டவர் மீண்டும் ஒரு புதிய கட்டளை இடுவார். அது புதிய எண்ணோடு பிறத்தலின், ஒருமுறையே நிறைவேற்றும் காப்பு அதற்குப் பொருந்தாது. பணம் இருமுறை செல்லும். "கட்டளை கிடைத்தது, முடிவு இன்னும் வரவில்லை, மீண்டும் அனுப்ப வேண்டா" எனத் தெளிந்த தமிழில் எழுதப்பட்டிருப்பின் அவர் காத்திருப்பார்.

கிடைத்தல், ஏற்றல், நிறைவேறல் ஆகியன தமிழில் வேறுபட்ட பொருளுடைய எளிய சொற்கள். ஒப்புகை, பற்றுச்சீட்டு, எதிர்ப்பதிவு, பேரேடு ஆகியன வணிகத்திலும் அஞ்சலிலும் பழகியவை. புதுச்சொல் ஆக்குமுன் இவற்றை உரிய இடத்தில் வழங்குதல் வேண்டும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், வகுப்பறையில் இவ்வேறுபாட்டைக் கற்பித்தல் நடைமுறைப் பயனுடைய மொழிப்பயிற்சியாகும்.

9. முடிவுரை

செய்தி வழித் தொடர்பு என்பது காத்திருத்தலை நீக்கும் உத்தியாகத் தொடங்கினும், அதன் உயிர்நிலை பொறுப்பைக் கைமாற்றும் ஒழுங்கில் உள்ளது. அனுப்புமுன் எழுதுக, முடித்தபின் ஒப்புக, எத்துணை முறை வரினும் ஒருமுறையே செய்க, சேராதவற்றைத் தேடிப் பார்க்க என்னும் நெறிகள், மாற்றுச்சீட்டுப் படிகளிலும் பணவிடை ஒப்புகையிலும் முன்னரே காணப்பட்டவை. வழங்கிச் செயலியில் இவற்றைக் கடைப்பிடிப்பவர் பொறியாளர். அவற்றின் விளைவைப் பயனருக்குப் பிழையின்றி உணர்த்த வல்லது மொழி. சிராங்கூன் சாலையில் கைப்பேசித் திரையை நோக்கி நிற்பவரின் "பணம் போய்ச் சேர்ந்ததா?" என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே விடையளிக்க இயலும்.